முந்திக்கொண்ட கிறிஸ்துமஸ்

ஸ்டீயரிங்கைத் துண்டு போட்டுப் பிடிக்க வேண்டிய செப்டம்பர் வெயிலில், வளைகுடா நாட்டுப் புஜைராவில் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில், சீதாராமன் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தார். டிசம்பர் பிறக்கும்வரை தன் மனைவி சந்திரகலா இந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

காரணம் கடை வாசலிலேயே நின்றது. மாடி உயரத்துக்கு ஒரு பச்சை மரம். அதன் காலடியில் பஞ்சுப் பனி. பள்ளிக்கூடம் திறந்ததற்காகப் போட்டிருந்த புத்தகப் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும்கூட இன்னும் முழுக்க அள்ளி முடிக்கவில்லை. அதனால் அங்கிருந்த பனிப் பொம்மை ஒன்று தோளில் டிபன் பாக்ஸ் பையோடு, ஹோம்வொர்க் எழுதாத பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றது.

சீதாராமன் எண்ணெய்க் கிடங்குக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவுத் தலைவர். எது எந்த மாதத்தில் வர வேண்டுமோ அந்த மாதத்தில் வந்தாக வேண்டும் அவருக்கு. அவர் இந்த ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில் கிறிஸ்துமஸ் ஒழுங்காக டிசம்பரில் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இந்த நாட்டுத் தேசிய தினத்துக்கு ஏற்றிய கொடிகள் இறங்கிய பிறகுதான் மரம் ஏறும். அப்புறம் அது நவம்பருக்கு நகர்ந்தது. பிறகு அக்டோபர். இப்போது செப்டம்பர். இதே வேகத்தில் போனால் போன வருஷத்துக் கிறிஸ்துமஸை இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் பின்னாலிருந்து முட்டிவிடும் என்று அவருக்குப் பட்டது.

திருச்சி உறையூர்க்காரர், சனிக்கிழமை தவறாமல் பெருமாளுக்கு விளக்கேற்றுகிறவர். இவருக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு சம்பந்தம்தான். அதன் பெயர் வருண்.

ஒரே பையன். கனடாவில் வின்னிபெக் என்கிற ஊரில் படித்தான். படித்து முடித்து அங்கேயே ஒரு துணிக்கடையில் உதவி மேனேஜராகச் சேர்ந்தான். ஒவ்வொரு வருஷமும், “கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வர்றேம்மா” என்பான். ஒவ்வொரு வருஷமும் கடையில் மரத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து சந்திரகலாவுக்குக் கால் தரையில் பாவாது. வருண் அறைத் திரைச்சீலையைத் துவைப்பாள். மெத்தையை வெயிலில் போடுவாள். முறுக்கு சுற்றுவாள். டிசம்பர் பாதியில் போன் வரும். “அம்மா, ஸாரிம்மா. கடையில சீசன். யாருக்கும் லீவ் தரமாட்டேங்கறாங்க.”

சந்திரகலா, “அதனால என்னடா, வேலைதானே முக்கியம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பாள். அப்புறம் ஜனவரி முழுக்க சீதாராமன் தனியாளாக முறுக்கு தின்பார்.

முன்னெல்லாம் இப்படி ஏமாறுவதற்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. இப்போது கடைக்காரன் புண்ணியத்தில் நாலு மாதம் ஏமாற வேண்டும். அவளால் தாங்க முடியாது என்று சீதாராமன் முடிவு கட்டினார். அவளால்தான். தனக்கொன்றுமில்லை. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் வருண் அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது அங்கே ஏசி நன்றாக வேலை செய்கிறது என்பதால்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

“கலா, இனிமே கடைக்கு நான் போறேன்.”

“ஏன்?”

“உனக்கு முழங்கால்.”

“என் முழங்காலுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லாதபோதே பார்த்துக்கணும்.”

சந்திரகலா தன் முழங்காலை ஒரு தடவை பார்த்தாள். கணவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். “சரிங்க” என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் “சரிங்க” சொல்லி சீதாராமன் கேட்டதே இல்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் அவர் வேலை கடை. முத்தின பாகற்காய் வாங்கினார். வெந்தயக் கீரை என்று எதையோ வாங்கினார். கொத்தமல்லி என்று ஒரு கட்டு வாங்கிவந்து, ரசம் கொதித்து இறக்கிய பிறகுதான் அது பார்ஸ்லி என்று தெரிந்தது.

“என்னங்க இது, ரசம் வெள்ளைக்காரன் சூப் மாதிரி வாசனை வருது?”

“உடம்புக்கு நல்லதாம்.”

“யார் சொன்னா?”

“பக்கத்துல வாங்கிட்டிருந்த வெள்ளைக்காரன்.”

கடைப் பைகளில் சிரிக்கும் பனிப் பொம்மை அச்சடித்திருந்தது. லிப்டில் ஏறும் முன், எல்லாச் சாமானையும் கீழே கொட்டி, பையை உள்வெளியாகத் திருப்பி, மறுபடி சாமானைப் போட்டு எடுத்துப் போனார். எதிர் வீட்டு சரசு ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, “என்ன சார், பையில பூச்சியா?” என்று கேட்டாள். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் விளம்பரத் தாள்களைச் சந்திரகலா எழுந்திருக்கும் முன்பே எடுத்துக் கிழித்தார். கோயிலுக்குப் போகத் துபாய் கிளம்பினால்கூட அந்தக் கடை இருக்கும் சாலையைத் தவிர்த்து, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

“இந்த வழியா எதுக்குங்க?”

“கடல் காத்து.”

“கார்ல கண்ணாடி ஏத்தியிருக்கு.”

“பார்த்தாலே காத்து வரும்.”

ஒன்றை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை. கடையில் ஓயாமல் ஓடும் அந்த மணியோசைப் பாட்டு அவர் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. குளிக்கும்போது தன்னை மறந்து பாடினார்.

“என்ன பாட்டுங்க?” என்று வெளியிலிருந்து குரல்.

தண்ணீர் சட்டென்று நின்றது. “கோயில் மணி கலா. உறையூர்ல கேட்டது. ஞாபகம் வந்துச்சு.”

“உறையூர்க் கோயில்ல இங்கிலீஷ்லயா மணி அடிச்சாங்க?”

மறுபடி தண்ணீர் பலமாகக் கொட்டியது.

ஆனால் எந்த மரத்தை மனைவி கண்ணில் படாமல் மறைத்தாரோ, அந்த மரம் அவரை நாளுக்கு நாள் இழுத்தது. சாமான் வாங்கி முடித்தாலும் கால் நேராக வாசலுக்குப் போகாது. மரத்தடியில் நிற்பார். யாரோ ஒரு தகப்பன் பையனைத் தோளில் தூக்கி, தொங்கும் பந்தைத் தொடவைப்பான். அந்தப் பையன் தொட்டதும், சீதாராமன் தன் தோளைத் தானே தடவிக்கொள்வார். ஒருநாள் அப்படி நின்றபோது சந்திரகலா போன் பண்ணினாள்.

“எங்கே இருக்கீங்க?”

“காய்கறி செக்ஷன்ல.”

“வெண்டைக்காய் வாங்காம ஏன் அங்கே மரம் மாதிரி நிக்கிறீங்க?”

சீதாராமன் துள்ளிக் குதித்தார். “மரமா? எந்த மரம்? இங்கே ஏது மரம்?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க.”

அவருக்கு வேர்த்தது. நல்லவேளை, பேச்சுக்குத்தான் சொன்னாள்.

செப்டம்பர் முடியும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், வெங்காயம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். வெங்காயத்தைத் தாண்டி, அரிசியைத் தாண்டி, சீதாராமன் குளிர்கால உடைகள் இருக்கும் பக்கம் போய் நின்றுவிட்டார். வெளியே காக்கை நிழல் தேடும் வெயில். உள்ளே கம்பளிக் கையுறைகள். தடிமனான ஒரு ஜோடியை எடுத்து அதற்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். தாராளமாக இருந்தது. இப்போது வருணின் கை தன் கையைவிடப் பெரிதாக இருக்குமா, சின்னதாக இருக்குமா? அவருக்குத் தெரியவில்லை. போனில் முகம் தெரிகிறது. கை எங்கே தெரிகிறது? அதை நினைத்தபடியே, கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டு, வழியை அடைத்து நின்றுகொண்டிருந்தார்.

“தம்பிக்கா சார்?”

திரும்பினார். கௌஸ் முகைதீன். நாகூர்ப் பக்கத்துக்காரர், அந்தப் பிரிவில் பல வருஷமாக வேலை செய்கிறவர். வருணுக்குப் பள்ளிக்கூட ஸ்வெட்டர் விற்றதே அவர்தான்.

“ஆமா பாய். சும்மா பார்த்தேன். அவன் எங்கே வரப்போறான்.”

கௌஸ் முகைதீன் அவரை வினோதமாகப் பார்த்தார். “என்ன சார் இப்படிச் சொல்றீங்க? தம்பி பிளைட் இன்னைக்குத்தானே?”

“எந்தத் தம்பி?”

“நம்ம வருண் தம்பி சார்! அக்கா சொன்னாங்களே.”

“எந்த அக்கா?”

“உங்க வீட்டு அக்காதான் சார்! தினமும் காலைல சரசு அக்காகூட வர்றாங்களே. மரம் வெச்ச அன்னைக்கே வந்துட்டாங்க. நாங்க ஏணியில நின்னு நட்சத்திரம் மாட்டினோம். அக்காதான் கீழ நின்னு, கோணலா இருக்கு, இடது பக்கம் திருப்புங்கன்னு சொன்னாங்க. அப்புறம் தம்பிக்கு அனுப்பணும்னு வீடியோ எடுத்தாங்க. நானும் அதுல வந்து, வாங்க தம்பின்னு சொல்லியிருக்கேன்.”

சீதாராமன் கையுறையோடு வாசல்வரை ஓடினார். அலாரம் அடித்தது. திரும்பி ஓடி வந்து கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினார். வெங்காயம் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் சந்திரகலா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா? செருப்பைக் கழட்டாதீங்க. துபாய் ஏர்போர்ட்டுக்குப் போகணும்.”

“கலா, எனக்கு எல்லாம் தெரியும்.”

“தெரிஞ்சா நல்லதுதான். எனக்குச் சொல்ற வேலை மிச்சம். ஓட்டுங்க.”

மலைகளுக்கு நடுவே கார் போனது. சீதாராமனுக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்து ஆக்ஸிலேட்டரில் காட்டினார்.

“எப்படி சம்மதிச்சான்?”

“கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு சொன்னே இல்லடா, இங்கே கிறிஸ்துமஸ் வந்தாச்சு, மரம் பாரு, பனி பாரு, பாட்டுக் கேளுன்னு வீடியோ அனுப்பினேன். சிரிச்சான். அம்மா, இது செப்டம்பர்ங்கறான். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடைக்காரனுக்குத் தெரியலையே, நீயும் கடைக்காரன்தானேன்னேன். அவன் கடையில அக்டோபர் பாதியிலதான் சீசன் ஆரம்பமாம். அதுக்கு முன்னாடி லீவு கேட்டா தாராளமா தருவாங்களாம். இத்தனை வருஷமா நாம டிசம்பரையே பிடிச்சுத் தொங்கிட்டிருந்தோம்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“சந்தோஷப்பட்டிருப்பேன்.”

“அவனுக்குப் போன் போட்டு, எதுக்குடா வீண் அலைச்சல், உத்தியோகத்தைப் பாருன்னு அட்வைஸ் பண்ணியிருப்பீங்க. போன வருஷம் அவன் லீவு கிடைக்கலைன்னு சொன்னப்போ என்ன சொன்னீங்க? வரலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னீங்க.”

“அவன் வருத்தப்படக் கூடாதேன்னு சொன்னேன்.”

“அவன் என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? அப்பாவுக்கு நான் வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதானாம்மான்னு கேட்டான்.”

கார் தானாகவே வேகம் குறைந்தது. பின்னால் வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. சீதாராமன் கண்ணாடியைத் துடைத்தார். கார்க் கண்ணாடியை அல்ல.

கொஞ்ச தூரம் போனபின் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. “நான் ஏன் உன்னைக் கடைக்கு விடலைன்னு உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். பையை உள்வெளியாத் திருப்பினீங்களே.”

“அப்போ ஏன் என்னைத் தடுக்கலை?”

“ஏங்க தடுக்கணும்? கல்யாணமான நாள்லேர்ந்து காய்கறிப் பை தூக்காம கைவீசிட்டுக் கடைக்குப் போனது இந்த மாசம்தான். ஹாயா சுத்திப் பார்த்தேன். கடைக்காரன் தள்ளுபடி போடறான், நம்ம பையன் தள்ளிப் போடறான், ரெண்டு பேரையும் விடக் கூடாதுன்னு அங்கேதான் தோணிச்சு.”

விமான நிலையத்தில் வருண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். தாடி வைத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். சீதாராமன் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அவன் கையைப் பிடித்துத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தார். பையன் கை பெரிதாகத்தான் இருந்தது.

“என்னப்பா பண்றீங்க?” என்று சிரித்தான் வருண்.

“ஒண்ணுமில்லைடா. சும்மா.” ஆனால் கையை விடவில்லை. கார் நிறுத்திய இடம்வரை ஒரு கையால் வண்டியைத் தள்ளுவது வருணுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் காலண்டர் தலைகீழாகக் கிடந்தது. கிறிஸ்துமஸ் முன்னால் வரலாம் என்றால் மற்றதெல்லாம் மட்டும் என்ன பாவம் செய்தன என்று சந்திரகலா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பையன் தலையில் எண்ணெய் வைத்து, புதுச் சட்டை கொடுத்து, தீபாவளி கொண்டாடினாள். செவ்வாய்க்கிழமை குக்கரில் பொங்கல் பொங்கியது. விசில் வந்ததும் மூன்று பேரும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்த, சரசு பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். புதன்கிழமை வருணின் பிறந்தநாள். அது உண்மையில் மார்ச்சில் வருவது. வியாழக்கிழமை வருண் கடைக்குப் போய் ஒரு குட்டிக் கிறிஸ்துமஸ் மரம் வாங்கிவந்து ஹாலில் வைத்தான்.

“அம்மா, நாம எல்லாத்தையும் முடிச்சுட்டோம். இனிமே வருஷம் பூரா என்ன பண்ணுவீங்க?”

சந்திரகலா சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். சீதாராமன் மரத்தில் தொங்கிய பந்தை எடுத்து வேறு கிளையில் மாட்டினார். பிறகு பழைய கிளையிலேயே மாட்டினார்.

அடுத்த வாரம் மறுபடி விமான நிலையம். வருண் கையசைத்தபடி உள்ளே போகப் போனபோது சீதாராமனால் தாங்க முடியவில்லை. கயிற்றுத் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“டேய் வருண்! நாங்க வர்றோம்டா! சம்மர் வரட்டும், உடனே கிளம்பி வர்றோம்! உன் பட்டமளிப்புக்கு எடுத்த விசா இன்னும் சும்மாதான் கிடக்கு!”

அந்தப் பட்டமளிப்புக்கு அவர்கள் போகவில்லை. ஆபீஸில் ஆடிட் என்று சீதாராமன் நின்றுவிட்டார். வருண் அதை நினைத்தானோ என்னவோ, திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன சொல். சம்மருக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, அதற்குள் ஆடிட்டோ வேறெதுவோ வராமலா போகும் என்று அவர் நிம்மதியாக இருந்தார். அப்படியே ஜனவரி வந்தது. ஒரு காலை ஆபீஸில் அவருடைய போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அதே கடை. அதே வாசல். மரம் இருந்த இடத்தில் கடற்கரைக் குடை விரித்திருந்தது. சுற்றிலும் நீச்சல் டயர்கள், கறுப்புக் கண்ணாடிகள், பூப்போட்ட அரைக்கால் சட்டைகள். பின்னணியில் சந்திரகலாவின் குரல்: “என்னங்க, சம்மர் வந்தாச்சு.”

உடனே போன் போட்டார்.

“கலா, இது ஜனவரி! வின்னிபெக்ல மூக்கு உறைஞ்சு கையோட வந்துடும்!”

“போர்டு வெச்சிருக்கான், சம்மர்னு. அவன் பொய் சொல்லுவானா? வருணுக்கும் சீசன் முடிஞ்சு இப்போதான் ஓய்வு.”

“லீவு யார் தருவா?”

“உங்க மேனேஜர் மஹ்மூது சார் சம்சாரத்துக்கிட்ட நேத்தே பேசிட்டேன். அவர் சரின்னுட்டாராம்.”

சீதாராமன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். மஹ்மூது தன் அறையிலிருந்து அன்போடு கையசைத்தார்.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. அன்று மாலை, பெட்டி அடுக்கும்போது அதை விட்டார். “சம்மர்னு நீதானே சொன்னே? அப்போ நான் அரைக்கைச் சட்டைதான் எடுத்துப்பேன். கோட்டும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம்.” இதைக் கேட்டதும், அது குளிர்காலம்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொண்டால் பயணம் தள்ளிப் போகும்.

சந்திரகலா பெட்டியிலிருந்து தலை நிமிராமல், “உங்க இஷ்டம்ங்க” என்றாள்.

வீம்புக்கு அவரும் எடுக்கவில்லை. விமானத்தில் ஏறும்வரை அவள் இறங்கி வருவாள் என்று பார்த்தார். டொராண்டோவில் விமானம் மாறும்போதும் பார்த்தார். அவள் கம்பளிப் போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வின்னிபெக்கில் இறங்கினார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கார்களெல்லாம் வெள்ளைத் திட்டுகளாகக் கிடந்தன. இந்தப் பக்கம், கூட்டத்துக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தபடி வருண். சீதாராமன் அரைக்கைச் சட்டையோடு ஓடினார். குளிர் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பையனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவன் கையில் தொங்கிய கோட்டைக் கவனித்தார். ஒரே ஒரு கோட்டு. பூ வேலை செய்த, பெண்கள் போடும் கோட்டு.

“எனக்கு எங்கடா?”

வருண் குழப்பத்தோடு அம்மாவைப் பார்த்தான். “உங்களுக்கு வேண்டாம்னு சொன்னீங்களாமேப்பா, சம்மர்னு?”